காவோ யாயில் எங்கே, என்ன சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கிலிருந்து வடகிழக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் காரில் போனால் காவோ யாய். 1962ல் தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய காட்டுத்தொடரின் ஒரு பகுதி. காட்டைச் சுற்றிப் பாக் சோங் வட்டாரத்தில் மாட்டுப் பண்ணைகள், மக்காச்சோளக் கொல்லைகள், சீதாப்பழத் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள். யானை பார்க்க, அருவி பார்க்க எல்லாரும் திட்டம் போடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் விடுதிக்காரர் தலையில் போட்டுவிடுகிறார்கள். அங்கே போகப்போகும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன?

முதலில் மூன்று இடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கையும் கோராட்டையும் (நகோன் ராட்சசிமா நகரம்) இணைக்கும் மிட்ராபாப் நெடுஞ்சாலை ஒன்று. அதன் மேலேயே இருக்கும் பாக் சோங் டவுன் இரண்டு. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து பூங்காவின் வடக்கு வாசல் வரை போகும் தானரத் சாலை மூன்று. டவுனிலிருந்து வாசல் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ரிசார்ட்டுகளும் பெரும்பாலான உணவகங்களும் இந்தத் தானரத் சாலையிலும் அதன் கிளைச் சாலைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. வழி சொல்பவர்கள் கிலோமீட்டர் கல் எண்ணைத்தான் சொல்வார்கள், அதனால் விடுதி எந்தக் கல் பக்கம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நடந்து போய் நாலு கடை பார்த்துச் சாப்பிடும் ஊர் இது இல்லை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே இருட்டும் மரங்களும்தான் இருக்கும். எங்கே தங்குகிறீர்களோ அதை வைத்தே இரவுச் சாப்பாடு அமையும்.

சொந்த வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பகலில் முடியும். பாங்காக்கின் க்ருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து பாக் சோங்குக்கு ரயில் உண்டு. டவுனிலிருந்து தானரத் சாலையில் சோங்தேவ் ஓடுகிறது. பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி அது. பொழுது சாய்வதற்குள் அது நின்றுவிடும். அதற்குப் பிறகு விடுதி வண்டிதான், இல்லையென்றால் முன்பே பேசி வைத்த டாக்சி. பெரிய நகரம் மாதிரி செயலியைத் தட்டினால் கார் வரும் என்று நம்பி இராத்திரி உணவகத்துக்குப் போய்விடாதீர்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு என் யோசனை: ஒரு இரவாவது டவுனிலேயே தங்குங்கள். நடக்கும் தூரத்தில் இரவுச் சந்தை இருக்கும். வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு நம் ஊர் போலவே இடது பக்கம்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

முதல் வேளை எங்கே தொடங்குவது?

ஈசான் கடையில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பாக் சோங், கோராட் மாகாணத்தைச் சேர்ந்தது. வடகிழக்குத் தாய்லாந்தான ஈசானின் வாசல் இங்கேதான். காவோ யாய் என்றதும் இணையத்தில் வருவது பாஸ்தாவும் சீஸ்கேக்கும். ஆனால் இந்த மண்ணின் சமையல் சோம் தாம், காய் யாங், லாப், காவ் நியாவ். அதாவது பச்சைப் பப்பாளிச் சாலட், சுட்ட கோழி, மூலிகை போட்ட கொத்துக்கறி, ஒட்டும் அரிசிச் சோறு.

சாலையோரக் கடையில் சோம் தாம் இடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆழமான மண் உரல், மர உலக்கை. பூண்டும் மிளகாயும் முதலில் விழும். எத்தனை மிளகாய் என்று அந்த அம்மா விரலை மடக்கிக் கேட்பார். அப்புறம் காராமணிக்காயைத் துண்டாக ஒடித்துப் போட்டு, பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாறு, தக்காளி, கடைசியில் சீவிய பப்பாளி. ஒரு கை உலக்கையால் இடிக்கும், மறு கை நீளக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கும். பப்பாளி நசுங்கக் கூடாது, சாறு மட்டும் உள்ளே இறங்க வேண்டும். கரண்டி நுனியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து தட்டில் கொட்டுவார். இடிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே ஐந்து நிமிடம் போனாலே அந்த மொறுமொறுப்பு போய்விடும். அதனால்தான் பார்சல் வாங்கி ரிசார்ட்டில் சாப்பிடாதீர்கள், கடையிலேயே உட்காருங்கள் என்கிறேன்.

காவ் நியாவ் சிறு மூங்கில் கூடையில் வரும். கையால்தான் சாப்பிட வேண்டும்; நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொஞ்சம் எடுத்து உருட்டி, சோம் தாம் சாற்றில் தொட்டு, கோழித் துண்டோடு வாயில் போட்டால் சரி.

அமர்ந்து சாப்பிடும் பெரிய ஈசான் உணவகம் வேண்டுமென்றால் காவோ யாயில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் பென் லாவ். சனி, ஞாயிறு மதியம் போனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். பதினொரு மணிக்கே போய்விடுங்கள். தானரத் சாலையில் இருக்கும் க்ருவா காவோ யாய் குடும்பத்தோடு போக வசதியானது. அங்கே தாய் சமையலும் மேற்கத்தியச் சமையலும் ஒரே மேசைக்கு வரும், அதனால் ஆளுக்கொரு விருப்பம் உள்ள கூட்டத்துக்கு ஏற்றது. உணவகங்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் மிச்செலின் கையேடு 2023 பதிப்பில் கோராட் உட்பட நான்கு ஈசான் மாகாணங்களைச் சேர்த்தது. அதன் பிறகு இந்தச் சமையலைத் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கோராட்டுக்கே உரிய பண்டம் ஏதாவது உண்டா?

பத் மீ கோராட். மெல்லிய அரிசி நூடுல்ஸை இனிப்பும் காரமும் புளிப்புமாக, செம்பழுப்பு நிறம் ஏறும்வரை வதக்குவார்கள். தாய்லாந்தின் பிரபலமான நூடுல்ஸ் வதக்கலான பத் தாய் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் அழுத்தமான ருசியாக இருக்கும். கூடவே ஒரு தட்டு சோம் தாம் வாங்குவதுதான் ஊர் வழக்கம்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தாய்லாந்தில் காய்கறி நிறைய உண்டு, ஆனால் அந்தக் காய்கறியில் மீன் சாறு இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு, சோம் தாமில் காய்ந்த இறால், கறி விழுதில் இறால் விழுது என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒளிந்திருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழித் துண்டை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே வரும். கடைக்காரர் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். அவர் கணக்கில் மீன் சாறு உப்பு மாதிரி.

சொல்ல வேண்டிய சொல் "கின் ஜே". சீன பௌத்த வழக்கிலிருந்து வந்த சுத்த சைவம் அது: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டும் வெங்காயமும் கூட இல்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஜே என்று எழுதிய கொடி தொங்கும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே விழா வரும். பெரும்பாலும் அக்டோபரில் விழும். அந்த நாட்களில் பாக் சோங் டவுனில் சைவத்துக்குப் பஞ்சமே இருக்காது. மற்ற நாட்களில் சாதாரணக் கடையில் "மங்சவிராட்" (சைவம்) என்று சொல்லிவிட்டு, "மாய் சாய் நாம் பிளா", "மாய் சாய் குங் ஹேங்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மீன் சாறு போட வேண்டாம், காய்ந்த இறால் போட வேண்டாம் என்று அர்த்தம். இதைத் தாய் எழுத்தில் செல்போனில் எழுதி வைத்துக் காட்டினால் வேலை இன்னும் சுலபம்.

சோம் தாமில் "தாம் தாய்" என்ற வகையைக் கேளுங்கள், வேர்க்கடலை போட்டது. கேட்டால் மீன் சாறும் இறாலும் இல்லாமல் உப்பு போட்டு இடித்துத் தருவார்கள். "தாம் லாவ்" பக்கம் போகவே வேண்டாம், அதில் புளிக்க வைத்த மீனான பிளா ரா கட்டாயம். உரலை ஒரு முறை கழுவித் தரச் சொல்லவும் தயங்காதீர்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் முகம் சுளிக்காமல் செய்வார்கள்.

முழுக்க நம் ஊர்ச் சைவச் சாப்பாடு இருந்தால்தான் ஆகும் என்பவர்கள், பாங்காக் சிலோம் பகுதியில் கிடைப்பதுபோல் இங்கே தெருவுக்குத் தெரு இந்திய உணவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்து வாருங்கள். வெள்ளைச் சோறு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நுவா என்றால் மாடு, மூ என்றால் பன்றி, காய் என்றால் கோழி, பிளா என்றால் மீன். இந்த நாலும் தெரிந்தால் மெனுவில் பாதி புரிந்துவிடும். ஈசான் சமையலில் மாட்டிறைச்சி அதிகம். சுட்ட இறைச்சியைச் சீவிச் செய்யும் "நாம் தொக்" சாலட், லாப் இரண்டும் மாட்டிலும் பன்றியிலும் வரும். கேட்காமல் ஆர்டர் செய்யக் கூடாது. சூப்புக்கு அடிப்படையாகப் பன்றி எலும்புச் சாறு ஊற்றுவதும் சாதாரணம்.

ஹலால் வேண்டுவோருக்குக் காவோ யாய் பகுதியில் நாக்நாவா பார்ம் என்ற முஸ்லிம் உணவகம் இருக்கிறது. அங்கே காவ் மொக் காய்க்குத்தான் கூட்டம்: மஞ்சள் சோறு, உள்ளே பொதித்து வேகவைத்த கோழி, மேலே பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், தொட்டுக்கொள்ளப் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்த புளிப்புச் சட்னி. பிரியாணி பிடித்தவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

பச்சை இறைச்சி கலந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?

சில வகைகளில் உண்மை. லாப் திப், கோய் போன்றவை வேகாத இறைச்சியில் செய்யப்படுபவை. வேகாத நன்னீர் மீனில் செய்யும் கோய் பிளாவால் கல்லீரல் புழு தொற்றும். அது நாள்பட்டால் பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டு போகும் என்பதால் தாய்லாந்து சுகாதாரத் துறையே பல வருடங்களாக அதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்கிறது. "சுக்" என்று சொன்னால் வேகவைத்துத் தருவார்கள். ஊர்ப் பெருமைக்காக யார் நீட்டினாலும் வேகாததைத் தொடாதீர்கள்.

பண்ணைகளில் சாப்பிடுவது எப்படி?

காவோ யாயின் அழகே எனக்கு இதுதான்: தட்டில் இருப்பது எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கையை நீட்டிக் காட்டலாம்.

பாலிலிருந்து தொடங்கலாம். பாங்காக்கிலிருந்து வரும் வழியில், பாக் சோங்குக்குச் சற்று முன்னால் முவாக் லெக் இருக்கிறது. 1962 ஜனவரியில் தாய்லாந்து மன்னரும் டென்மார்க் மன்னரும் சேர்ந்து அங்கே ஒரு பால் பண்ணையைத் திறந்துவைத்தார்கள். பால் குடிக்கும் வழக்கமே பெரிதாக இல்லாத நாட்டில் பால் தொழில் வேர்விட்டது அங்கிருந்துதான். சிவப்புப் பசு படம் போட்ட தாய்-டென்மார்க் பாலை இன்றும் எல்லாக் கடையிலும் பார்க்கலாம். அதே நெடுஞ்சாலையோரம் பாக் சோங் எல்லைக்குள் இருக்கிறது டெய்ரி ஹோம். இயற்கை முறைப் பாலுக்குப் பெயர் பெற்ற இடம். உணவகமும் கடையும் சேர்ந்தே இருக்கும். காலைச் சாப்பாட்டுக்கும் தயிருக்கும் ஐஸ்கிரீமுக்கும் வண்டியை நிறுத்தலாம். 1957ல் தொடங்கிய பார்ம் சோக்சாய் இன்னும் பெரியது. பண்ணைச் சுற்றுலா, ஸ்டேக் உணவகம், உம்ம் மில்க் ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே வளாகத்தில். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் ஐஸ்கிரீமுக்காகப் போகலாம்.

அடுத்தது மக்காச்சோளம். மிட்ராபாப் சாலையில் காசெட்சார்ட் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊரார் அதை ராய் சுவான் என்பார்கள். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் சுவான் 1 என்ற ரகம் இங்கேதான் உருவானது. அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலிலேயே கடை போட்டு, அவித்த கதிரும் மக்காச்சோளப் பாலும் விற்கிறார்கள். தோலோடு அவித்த கதிரை உரித்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். முத்து கடிபட்டவுடன் சாறு வழியும். மக்காச்சோளப் பால் சில்லென்று பாட்டிலில் வரும். இனிப்பு அளவோடு, அடியில் மாவு லேசாகத் தங்கியிருக்கும், குலுக்கிக் குடிக்க வேண்டும். ஆடம்பர உணவகம் எதையும் விட்டுவிடுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

திராட்சைத் தோட்டங்களில் சாப்பாடு உண்டா? மது குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

உண்டு. இரண்டு பெயர்கள் முக்கியம்: பிபி வேலி, கிரான்மான்டே. பிபி வேலி, சிங்கா பியர் குடும்பத்தைச் சேர்ந்தவர் தொடங்கியது. அசோக் பள்ளத்தாக்கில் உள்ள கிரான்மான்டே 1999ல் தொடங்கிய குடும்பத் தோட்டம். அந்த வீட்டு மகள் நிக்கி லோஹித்நவி ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்து இங்கே ஒயின் தயாரிப்பைக் கவனிக்கிறார். தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வின்கோட்டோ உணவகத்தில் திராட்சைக் கொடி வரிசைகளையும் பின்னால் மலையையும் பார்த்தபடி சாப்பிடலாம். மேற்கத்தியச் சமையல்தான், விலையும் அதற்கேற்ற மாதிரி. இரவில் கொடியும் தெரியாது, மலையும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள்.

குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறும் ஜாமும் உலர்ந்த திராட்சையும் கிடைக்கும். அறுவடை பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அப்போது போனால் கொடியில் குலை தொங்கும். வண்டி ஓட்டுகிறவர் ஒயின் சுவைக்க உட்காரக் கூடாது. இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டினால் குற்றம், அந்த மலைச் சாலையில் இரவில் யானையும் குறுக்கே வரும்.

இத்தாலியக் கிராமம் மாதிரி கட்டியிருக்கும் இடங்களுக்குப் போகலாமா?

பாலியோ, ப்ரிமோ பியாஸா போன்றவை. படம் எடுக்க, பிள்ளைகளோடு உலாவ, காபி குடிக்கப் போகலாம். ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கே செலவழிக்க எனக்கு மனம் வராது.

தேசியப் பூங்காவுக்குள் சாப்பாடு கிடைக்குமா?

பார்வையாளர் மையத்தின் பக்கம் கடைகள் இருக்கின்றன: வறுத்த சோறு, துளசி இலை போட்டு வதக்கிய இறைச்சி, நூடுல்ஸ், காபி. பசிக்குப் போதும். சாயங்காலம் ஆனதும் மூடிவிடுவார்கள். கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே மது கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பையும் தெர்மாகோல் டப்பாவும் கூடாது. 2022லிருந்து ஒரு லட்சம் பாட் வரை அபராதம் என்று விதி. டவுனில் பார்சல் வாங்கும்போதே வாழை இலையில் கட்டித் தரச் சொல்லலாம், இல்லையென்றால் எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள். குரங்குக்கு ஒரு பருக்கை கூடப் போடாதீர்கள். சாலையோரம் காரைப் பார்த்ததும் ஓடிவரும் குரங்குகள் நாம் கெடுத்தவை, வண்டியில் அடிபட்டுச் சாகிறவையும் அவைதான். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்க வேண்டாம். வாசனை பிடித்து இரவில் மானும் முள்ளம்பன்றியும் வரும்.

பாக் சோங் இரவுச் சந்தை எப்படி?

நான் மிகவும் விரும்பும் இடம். பொழுது சாய ஆரம்பித்ததும் கடைகள் விரியும். ஈசான் புளிப்புத் தொத்திறைச்சி, கரியில் வாட்டிய மீன், பத் மீ, தேங்காய்ப்பால் பணியாரம் போன்ற கனோம் க்ரோக், வெட்டிய மாம்பழம், ரோட்டி. ஒரு கடையில் நின்று வயிற்றை நிரப்பிவிடாமல் சின்னச் சின்னதாக நாலைந்து கடையில் வாங்குங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் இரவுச் சாப்பாடு வாங்க வரும் சந்தை என்பதால் விலையைச் சுற்றுலாக்காரருக்காக ஏற்றிச் சொல்வதில்லை. சில்லறை நோட்டு வைத்திருங்கள்; கியூஆர் பலகை எல்லாக் கடையிலும் இருக்கும், ஆனால் அது தாய் வங்கிக் கணக்குக்காரர்களுக்கு வசதியாக இருக்கும் அளவு நமக்கு இருக்காது.

எவ்வளவு செலவாகும்?

சாலையோரக் கடையில் ஒருவருக்கு 100 முதல் 150 பாட் இருந்தால் திருப்தியாகச் சாப்பிடலாம். அமர்ந்து சாப்பிடும் ஈசான் உணவகத்தில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. திராட்சைத் தோட்ட உணவகத்திலும் ஸ்டேக் கடையிலும் ஒரு ஆளுக்கே ஆயிரம் பாட் பக்கம் போய்விடும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 7 சதவீத வரியும் மேலே ஏறும்.

குழந்தைகளுக்கு என்ன வாங்கித் தருவது?

வறுத்த சோறான காவ் பத், முட்டை ஆம்லெட் போட்ட சோறு, காலையில் அரிசிக் கஞ்சியான ஜோக், சுட்ட கோழியோடு காவ் நியாவ். "மாய் பெட்" என்றால் காரம் வேண்டாம். சொன்ன பிறகும் ஒரு வாய் நீங்கள் ருசி பார்த்துவிட்டுக் கொடுங்கள். காரம் இல்லை என்று அவர்கள் சொல்வது நம் குழந்தைக்குக் காரமாக இருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் சோம் தாம், பத் தாய், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சட்டே மூன்றையும் தவிருங்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமை போனால் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் காலம். வெளியில் மேசை போட்டுச் சாப்பிட அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் வெள்ளி சாயங்காலத்திலிருந்து பாங்காக்கே இங்கே வந்து இறங்கும். நீண்ட விடுமுறைகளில் மிட்ராபாப் சாலை நகராது, பெயர் பெற்ற உணவகங்களில் இடமும் கிடைக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை நிம்மதி. அந்த நாட்களில் சில உணவகங்களுக்கு விடுமுறை உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழைக் காலத்தில் காடு பச்சைப் பசேல் என்று இருக்கும், கூட்டமும் குறைவு. சீதாப்பழம் வருவதும் அப்போதுதான். பாக் சோங் சீதாப்பழம் தாய்லாந்து முழுக்கப் பெயர் பெற்றது. சதை அதிகம், விதை குறைவான பெரிய ரகங்களும் இங்கே விளைகின்றன. சாலையோரம் கூடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அன்றைக்கே சாப்பிடக் கனிந்தது, நாளைக்குச் சாப்பிடக் காய் என்று பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் வழியில் என்ன வாங்கலாம்?

முவாக் லெக், சரபுரி பக்கம் சாலையோரம் வரிசையாகக் கரி பப் கடைகள் வரும். அடுக்கடுக்காகப் பிரியும் மாவுக்குள் கோழி, பாசிப்பருப்பு, சேப்பங்கிழங்கு, அன்னாசி என்று வகை வகையாகப் பூரணம் வைத்த சோமாசி. சூடாகப் பொரித்து எடுக்கும் கடையாகப் பார்த்து நிறுத்துங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, கிழங்கு வகைகளைக் கேட்டு வாங்கலாம். எண்ணெய் எது, வெண்ணெயா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழி வைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அன்னாசி வைத்தது மறுநாள் காலை வரை தாங்கும்.